ஏழு வீட்டுத் துணி

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், ஆனி மாதம். இராஜபாளையத்தில் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்த ஒரு பஞ்சாலையில் நான் மிஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். வயது இருபத்தேழு. ஊருக்கு நான் புதுசு. மதுரையில் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்து, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பாவிடம் வளர்ந்தவன். சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையல், துவையல் எல்லாம் நாங்கள் இரண்டு பேரும்தான். அதனால் எனக்கு இரண்டு குணம் ஒட்டிக்கொண்டன. ஒன்று, யாரிடமும் கை நீட்ட மாட்டேன். குழம்புக்கு உப்பு தீர்ந்துபோனால் உப்பில்லாமலே சாப்பிடுவேன், பக்கத்து வீட்டில் கேட்க மாட்டேன். இன்னொன்று, பெண்கள் வட்டாரத்து வழக்கம் எதுவும் எனக்குத் தெரியாது. இந்த இரண்டும் சேர்ந்து என்னை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தின என்பதுதான் இந்த அனுபவம்.

என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மூத்தது ஒன்பது நாள் இருந்தது. இரண்டாவது பிறந்தபோதே அழவில்லை. அது மாசி மாதம். அதன் பிறகு என் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபமும் இல்லை, சண்டையும் இல்லை. சோறு போடுவாள், வீட்டைப் பெருக்குவாள், கேட்டால் ‘ஆமா’, ‘இல்ல’ என்பாள். அழவும் இல்லை. அழுதிருந்தால் நானும் கூட உட்கார்ந்து அழுதிருப்பேன். எனக்குத் தெரிந்தது ரிப்பேர் வேலை. எங்கே பழுது என்று காட்டாத மிஷினை நான் என்ன செய்ய முடியும்?

உள்ளபடி சொன்னால் எனக்குப் பயம். கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் வரக் கொஞ்சம் தாமதமானால் நானே கிணற்றடிவரை போய் எட்டிப் பார்ப்பேன். ஆலை விட்டு வந்ததும், உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கிறதா என்று வாசலில் நின்று காது கொடுத்துவிட்டுத்தான் கதவைத் தள்ளுவேன்.

இப்படி நாலு மாதம் போன பிறகு ஒரு நாள் சாயங்காலம் நான் வந்தபோது அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு படம்.

படத்துக்கு உடுத்துவது என்று ஒரு வேலை உண்டு. இன்றைக்கு அதிகம் பேர் செய்வதில்லை, அப்போது எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்த பெண்கள் செய்வார்கள். கடையில் விற்கும் சாமி படத்தை அட்டையில் ஒட்டி, அதில் வரைந்திருக்கும் ஆடைக்கு மேல் நிஜத் துணியைக் கத்தரித்து ஒட்டுவார்கள். துணிக்கு அடியில் பஞ்சு வைத்துத் தூக்கிவிட்டால் உடம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். கரைக்குப் பழைய ஜரிகை, மாலைக்குப் பாசிமணி, நகைக்குச் சமிக்கி. முகமும் கையும் காலும் மட்டும் அச்சடித்தபடி இருக்கும், மற்றதெல்லாம் நிஜம். முடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டால் சாமி எழுந்து வந்துவிடும்போல இருக்கும். என் மனைவி சின்ன வயதிலிருந்தே இதில் கெட்டிக்காரி. அவள் மடியில் இருந்தது கையில் வெண்ணெயோடு தவழும் கண்ணன் படம். மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்தாள். கிரீடமும் மயிற்பீலியும் முடிந்திருந்தன. பிள்ளையின் உடம்பு வெறும் அச்சுப் படமாகவே நின்றுபோயிருந்தது.

“இதுக்குச் சாமான் வேணும்” என்றாள் என்னைப் பார்த்து.

நாலு மாதத்தில் அவளாக வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அது. நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆலையில் உதிரிச் சாமான் வேண்டுமென்றால் இன்டென்ட் எழுதுவோம். அதே மாதிரி ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதினேன். புளியங்கொட்டைப் பசை. அதில் பூச்சி அரிக்காமல் இருக்கப் போட ஒரு துளி மயில்துத்தம். இலவம்பஞ்சு. வெண்ணெய்ப் பானை மினுக்கக் காக்காப்பொன் தகடு. பழைய ஜரிகை. பாசிமணி. பசையைத் தொட்டு வைக்க மயிலிறகின் தண்டு. இடுக்கு மடிப்பில் துணியை வெட்ட, நுனி கூரான சின்னக் கத்தி. கடைசியாக, துணி.

மற்றதெல்லாம் ஒரு வாரத்தில் சேர்த்துவிட்டேன். கத்தியை நானே செய்தேன். பட்டறைக் குப்பையில் கிடந்த ஒடிந்த ஹாக்ஸா பிளேடைச் சாணைக்கல்லில் பிடித்துத் தீட்டி, பிடிக்கு நூல் சுற்றிக் கொடுத்தேன். வார லீவன்று அய்யனார் கோவில் பாதையில் நடந்து, ஓடையோரம் மயில் உதிர்த்த இறகு நாலு பொறுக்கி வந்தேன். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி இடிப்பதற்குள் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டன. பஞ்சுக்கு என் தலையணையைப் பிரித்துக்கொண்டாள். ஜரிகைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயிலில் போனேன். என் மாமியார் தன் கல்யாணச் சேலைக் கரையை அறுத்துக் கையில் கொடுத்துவிட்டு, “பேசுதாளா?” என்று மட்டும் கேட்டார். “சாமான் கேக்கா” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்மிடம் இருந்த பாசிமணியையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

மிஞ்சியது துணி. அதுதான் சிக்கல்.

புதுத் துணி ஆகாது என்றாள். கஞ்சி விறைப்பில் பஞ்சுமேல் படியாதாம், மடிப்பு உடையுமாம். துவைத்துத் துவைத்து நைந்த துணிதான் வேண்டும். அவளுடைய பழைய சேலையும் ஆகாது. கட்டம் பெரிசு, உள்ளங்கை அளவுக் கண்ணனுக்குப் போட்டால் ஒரு கட்டத்திலேயே ஆள் மூடிப்போவான். “சின்னப் பிள்ளைக சட்டைத் துணின்னா பூவும் பொட்டும் சின்னதா இருக்கும். ஒவ்வொண்ணும் ஒரு கையகலம் போதும். அஞ்சாறு நிறம் வேணும்” என்றாள். எங்கள் வீட்டில் சின்னத் துணி எதுவும் இல்லை. இருந்ததையெல்லாம் மாசியிலேயே மாமியார் எடுத்துப் போய்விட்டார்.

மற்ற சாமானை வாங்கலாம், பொறுக்கலாம், செய்யலாம். பழந்துணியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சோறு போடும்போது அவள் “கெடச்சுதா?” என்று கேட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஊரையே கேட்கலாம் என்று கிளம்பிவிட்டேன்.

முதலில் மாதா கோயில் பக்கத்தில் இருந்த கிறிஸ்தவத் தையல்காரர் வீடு. அவர் கடையில் வெட்டுத்துணி மூட்டையாகக் கிடந்தது, எல்லாம் புதுசு. “பழசுதான் வேணும். சின்னப் பிள்ளை உடுத்துன துணி, ஒரு துண்டு” என்று மென்று முழுங்கினேன். உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். இடுப்பில் ஒரு வயசுப் பையன், கொழுகொழுவென்று. என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு நீலச் சட்டையை எடுத்துவந்து பையன் தலையில் ஒருமுறை தொட்டுவிட்டு, அதில் ஒரு துண்டு வெட்டினார். “நாங்க வேதக்காரங்கதான். ஆனாலும் பிள்ளை விஷயத்துல எங்கம்மாவும் இதெல்லாம் செஞ்சிருக்காக” என்று சொல்லிக் கொடுத்தார். நான் பாட்டுக்கு, நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டு வாங்கி வந்தேன்.

இரண்டாவது, ஆலை மேஸ்திரி வீடு. அவருடைய மனைவி நாலு பிள்ளை பெற்றவர், ஊரையே அதட்டுகிற குரல். கேட்டதும் அந்தக் குரல் தணிந்துபோனது. அவரும் பச்சைத் துண்டு ஒன்றைக் கடைக்குட்டியின் தலையில் தொட்டுத்தான் கொடுத்தார். என் கையில் ஏற்கெனவே நீலத் துண்டு ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டு, “யாருட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. நானும் கேக்க மாட்டேன். இன்னும் அஞ்சு வீடு முடிச்சுட்டு நேரா வீட்டுக்குப் போங்க” என்றார். அஞ்சு வீடு என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. அஞ்சாறு நிறம் வேண்டும் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

மூன்றாவது ஒரு பருத்தி வியாபாரி வீடு. வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்த அம்மாள் சிவப்புப் பூப்போட்ட துண்டு ஒன்றை எடுத்து வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்காமல் நின்றார்.

“கையில வாங்கக் கூடாது நாயனா. மடியேந்தி வாங்கு. பிச்சையா வாங்குனாத்தான் எமனுக்கு அது உம் பிள்ளைன்னு தெரியாது. ஊரார் பிள்ளைன்னு நெனச்சு விட்டுட்டுப் போயிருவான். ஒனக்கு யாரும் சொல்லித் தரலயா? வீட்ல பெரிய மனுஷி யாரும் இல்லயோ” என்றார்.

பிறகு அவரே முறையைச் சொல்லித் தந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளைகள் தக்காத வீட்டில் மறுபடி உண்டானால், நன்றாக வளர்கிற பிள்ளைகள் இருக்கும் ஏழு வீட்டில் பழந்துணி பிச்சை கேட்டு, அதை ஒட்டுப்போட்டுத் தைத்துத்தான் பிறக்கும் பிள்ளைக்கு முதல் சட்டை போடுவார்களாம். கேட்கிறவன் காரணம் சொல்லக் கூடாது. கொடுக்கிறவர் காரணம் கேட்கவும் கூடாது. என் மனைவி மூன்றாவது முறை உண்டாகியிருக்கிறாள் என்று மூன்று வீடும் நினைத்துக்கொண்டன. நானும் காரணம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது.

அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கைநிறைய கிரீஸ் அப்பிக்கொண்டு திரிகிற பிட்டர், படத்தில் ஒட்டுவதற்குப் பொம்மைத் துணி கேட்டு அலைகிறான் என்று சொல்ல வெட்கம். அதைவிட, அந்தச் சிவப்புத் துண்டு அத்தனை அழகாக இருந்தது. நீலம் இருக்கிறது, பச்சை இருக்கிறது, சிவப்பும் வந்துவிட்டால் அவள் எத்தனை வார்த்தை பேசுவாள் என்று மனசு கணக்குப் போட்டது. நான் வேட்டி முந்தியை விரித்து ஏந்தினேன். யாரிடமும் கை நீட்டாத மனுஷன் மடியேந்தி நின்றேன், அதுவும் பொய்யாக. முதல் இரண்டு வீட்டில் தெரியாமல் வாங்கினேன். அதற்கு மேல் வாங்கியது திருட்டு.

அடுத்த மூன்று வீட்டிலும் முந்தியை விரித்து நின்றேன். வார்த்தையே தேவைப்படவில்லை. ஏழாவது வீடு, ஆலையில் ரீலிங் பகுதியில் நூல் சுற்றும் ஒரு பெண்ணின் வீடு. கணவனை இழந்தவள், ஒரே மகள், இரண்டு வயது. அங்கே நானாகப் போகவில்லை. தெருவில் என் முந்தியில் ஆறு துண்டு இருப்பதைப் பார்த்தவள் தானே கூப்பிட்டாள். “ஏழாவதா எங்க வீட்டுல வாங்கிக்கோங்க அண்ணே” என்றாள். உள்ளே போனவள் கொஞ்ச நேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அந்த வீட்டில் நல்லதாக இருந்தது ஒரே ஒரு கவுன், மஞ்சளில் வெள்ளைப் பொட்டு. வளர வளர இறக்கிவிடலாம் என்று அடியில் மூன்று விரற்கடை மடித்துத் தைத்திருந்தாள். அந்தத் தையலைப் பல்லால் பிரித்துக்கொண்டிருந்தாள். மடிப்புத் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி மகளின் தலையில் தொட்டு என் முந்தியில் போட்டாள்.

“உள்ள மடிஞ்சே கெடந்தது. வெயில் படாத நிறம்” என்றாள், ஏதோ குறைவாகக் கொடுத்துவிட்டவள்போல.

அந்தப் பிள்ளை அடுத்த வருஷம் வளர்வதற்காக வைத்திருந்த துணி அது. தெரிந்துதான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் துணிகளை மனைவி முன்னால் வைத்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சிவப்பு திண்டுக்கு, பச்சை திரைக்கு, நீலம் விரிப்புக்கு என்று தரையில் பரப்பி மாற்றி மாற்றி வைத்தாள். மஞ்சளை எடுத்ததும், “இதுதான் கண்ணனுக்கு. பீதாம்பரம்” என்றாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். தெரிந்தவர்கள் என்று மழுப்பினேன்.

அடுத்த பதினைந்து நாளும் எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. பசை கெட்டி, தண்ணீர் விடுங்க. கத்தி மழுங்கிப்போச்சு, தீட்டிக் குடுங்க. தலையணை இல்லாம எப்படித் தூங்குதீங்க? நான் தீட்டிய கத்தியால் அந்த மஞ்சள் துணியைக் கண்ணனின் இடுப்பு வளைவுக்குச் சரியாகக் கத்தரித்து, அடியில் பஞ்சு வைத்து, மயிலிறகுத் தண்டால் ஓரம் ஓரமாகப் பசை தொட்டு அவள் ஒட்டிய அழகை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். இரண்டு வேளை சாப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் என்னைக் கேலிகூடச் செய்தாள்.

நடுவில் ஒன்று கேட்டாள். “எல்லாரும் ஏன் எம்மேல இம்புட்டுப் பிரியமா இருக்காவ? கெணத்தடியில எனக்கு முந்தி யாராச்சும் எறச்சுக் குடத்துல ஊத்திருதாவ. தூக்கவும் விடமாட்டேங்காவ.” நான் கத்தியைத் தீட்டிக்கொண்டே குனிந்திருந்தேன். சொல்லிவிட்டால் இந்தப் பேச்சு நின்றுபோகுமே என்ற பயத்தில் சொல்லவில்லை.

ஒரு லீவு நாள் காலை. நான் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் படத்தைப் பலகையில் சாய்த்து வைத்துக் கண்ணனுக்குப் பாசிமணி கோத்துக்கொண்டிருந்தாள். வாசலில் அந்த ரீலிங் பெண் வந்து நின்றாள். இடுப்பில் மகள். கையில் வாழையிலையில் மடித்த நார்த்தங்காய் ஊறுகாய்.

“லீவுதான, செத்த பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இந்தா தாயி, வாய்க்குப் புளிப்பா இருக்கும்” என்று நீட்டினாள். என் மனைவி கையில் மணிச்சரம் இருந்ததால் நான் எட்டி வாங்கிக்கொண்டேன். பிறகு என் மனைவியின் வயிற்றைப் பார்த்து, கேட்கக் கூடாது என்ற நினைவு வந்தவள்போல உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய கண் படத்தில் விழுந்தது.

அவள் கண்ணனின் இடுப்பைப் பார்த்தாள். குனிந்து தன் மகள் கவுனின் அடியைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“இது நான் பிள்ளைக்குன்னு குடுத்த துணில்ல?” என்றாள்.

“எந்தப் பிள்ளைக்கு?” என்றாள் என் மனைவி.

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தெரியாமல் ஆரம்பித்தது, மூன்றாவது வீட்டில் தெரிந்துகொண்டது, தெரிந்த பிறகும் மடியேந்தியது, எல்லாம். சொல்லச் சொல்ல என் மனைவியின் முகம் பழையபடி மூடிக்கொண்டு வந்தது. மாசி மாதத்து முகம். சாமான் சேர்த்துக் கொண்டுவந்த பேச்சை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் பாசிமணியைக் கீழே வைத்தாள். நான் செய்துகொடுத்த கத்தியை எடுத்தாள். அதன் நுனியைக் கண்ணனின் இடுப்பில் மஞ்சள் துணிக்கு அடியில் நுழைத்து நெம்பினாள். துணியைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறாள் என்று புரிந்தது. நான் காய்ச்சிய பசை சாமானியமாக விடுமா? ஓரம் கொஞ்சம் எழும்பியது. கூடவே படத்தின் காகிதமும் உரிந்தது. அவள் விடவில்லை. மறுபடி நெம்பப் போனாள்.

அந்தப் பெண் மகளைக் கீழே இறக்கிவிட்டு ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் தாயி. கிழிச்சிராத. பிள்ளைக்குன்னு குடுத்தேன், பிள்ளை இடுப்புலதான இருக்கு. விடு.”

இதற்குள் கீழே இறங்கிய குட்டி பலகையிடம் வந்துவிட்டாள். கண்ணனின் மஞ்சள் துணியில் விரலை வைத்தாள். பிறகு தன் கவுனைத் தூக்கிக் காட்டினாள். தனக்கும் அந்தப் பாப்பாவுக்கும் ஒரே துணி என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள்.

என் மனைவி அழுதாள். ஒன்பது நாள் பிள்ளைக்கும் அழாத பிள்ளைக்கும் சேர்த்து வைத்திருந்த அழுகை. வாய்விட்டு அழுதாள். அந்தப் பெண் அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அவளும் அழுதாள். என்னை யாரும் கவனிக்கவில்லை. நான் ஊறுகாய் இலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். எனக்கும் கண் மறைத்தது.

அழுது ஓய்ந்து முகம் கழுவி வந்தவள் என்னிடம் சொன்னது இதுதான். “ஏழு வீட்டுக்கும் போவோம். படத்தை நான் கொண்டு வாரேன். நீங்கதான் வாங்குனீங்க, நீங்கதான் சொல்லணும்.”

அடுத்து வந்த வார லீவுகளில் அவள் பின்னால் நான் நடந்த நடை இருக்கிறதே, அதற்கு மேல் ஒரு தண்டனை எனக்கு வேண்டாம். தையல்காரர் மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தார். படத்தை வாங்கிப் பார்த்து, “உங்க சாமி கழுத்துக்கு எங்க வீட்டு லேஸும் கொஞ்சம் இருக்கட்டும்” என்று ஒரு முழம் கொடுத்தார். பருத்தி வியாபாரி வீட்டு அம்மாள் படத்தில் தன் சிவப்புத் துண்டைத் தடவிப் பார்த்தார். “பொய்யா ஏந்துனாலும் மடி மடிதான் நாயனா. நிஜமா ஏந்தி வர்ற நாளும் வரும்” என்றார். மேஸ்திரி மனைவிக்குத்தான் ஆறவில்லை. “எம் பிள்ளை தலையில தொட்டுக் குடுத்தேன். அது வெளையாட்டா?” என்று கேட்டவர், எங்கள் முகத்தில் கதவைச் சாத்திவிட்டார். வெகு காலம் எங்களோடு பேசவில்லை. அவர் கோபம் நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ரீலிங் பெண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க எங்களிடம் மஞ்சள் துணி இல்லை. என் மனைவி தன் கல்யாணத்துச் சிவப்புச் சுங்குடிச் சேலையின் ஓரத்தை நான்கு விரற்கடை அகலத்துக்குக் கிழித்து, அந்தக் கவுனின் அடியில் சுற்றிலும் தைத்துக்கொடுத்தாள். உள்பக்கம் ஒரு மடிப்பும் வைத்தாள். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளை இரண்டு வருஷம் அதைப் போட்டு வளர்ந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், என் மனைவி நிஜமாகவே உண்டானாள். நான் மறுபடி ஏழு வீட்டுக்கும் போனேன். இந்தத் தடவை முதல் வீட்டிலேயே முந்தியை விரித்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி மனைவி வாசலில் இடுப்பில் கைவைத்து, “இது யாருக்கு? படத்துக்கா, பிள்ளைக்கா?” என்று தெருவே சிரிக்கும்படி கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உள்ளே போய்க் கையகலத்துக்கு இரண்டு மடங்கு வெட்டிக்கொண்டு வந்து போட்டார்.

கடைசியாக ரீலிங் பெண் வீடு. அந்தக் கவுன் பிள்ளைக்கு மேல்சட்டை அளவுக்குக் குட்டையாகிவிட்டிருந்தது. அவள் அதை எடுத்து, அடியில் என் மனைவி தைத்த சுங்குடிப் பட்டையைப் பிரித்தாள். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தது.

“இது எங்க வீட்டுத் துணியாச்சே. அடுத்த வீட்டுத் துணிதான வாங்கணும்?” என்றேன்.

“உங்க வீட்டுலேருந்து வந்ததுதான் அண்ணே. ரெண்டு வருசம் எம் மக உடுத்தி வளந்துட்டா. இனி இது எங்க வீட்டுத் துணி” என்று சொல்லி, மகளின் தலையில் தொட்டு என் முந்தியில் போட்டாள்.

அந்த ஏழு துண்டையும் ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டையைத்தான் எங்கள் மகள் முதலில் போட்டுக்கொண்டாள். வழக்கப்படி அவளுக்குப் பிச்சை என்று முடிகிற ஒரு பெயரை வைத்தோம். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று சின்ன வயதில் அழுதிருக்கிறாள். இப்போது தன் பிள்ளைகளுக்கு அவளே இந்தக் கதையைச் சொல்கிறாள், என்னைவிடக் கொஞ்சம் கூட்டியே சொல்கிறாள்.

படம் இன்றும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. கண்ணன் இடுப்பில் கத்தி நெம்பிய இடத்தில் காகிதம் உரிந்து ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு தெரியும். சட்டம் மாற்றும்போது அதை மறைத்துவிடலாமா என்று கடைக்காரர் கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தவன் நான் என்று எனக்குள் அந்தப் பழைய கர்வம் எப்போதாவது தலை தூக்கும்போது, எதிரே போய் அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு பிள்ளை வளர்வதற்காக மடித்து வைத்திருந்த துணியில் வளர்ந்த குடும்பம் எங்களுடையது என்ற நினைவு வந்ததும், வேட்டி முந்தி தன்னால் என் கைக்கு வந்துவிடும்.